கேட்டுக்கொண்டே இருந்தால் மொழி வந்துவிடுமா?

புதிய மொழி கற்கத் தொடங்கும் ஒருவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: "இலக்கணத்தை விடு. அந்த மொழியில் படம் பார், பாட்டுக் கேள். காதில் ஓடிக்கொண்டே இருக்கட்டும், தானாக வந்துவிடும்." ஆதாரத்துக்குக் குழந்தையைக் காட்டுவார்கள். எந்தக் குழந்தை இலக்கணம் படித்துவிட்டுப் பேசியது?

இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிக்குப் பின்னால் அரை நூற்றாண்டு ஆய்வும் இருக்கிறது. ஆனால் ஆய்வாளர்கள் சொன்னது "புரிந்து கேள்" என்பது. ஊர் வாய்க்கு வந்து சேர்வதற்குள் "புரிந்து" உதிர்ந்துபோய் "கேள்" மட்டும் மிஞ்சிவிட்டது. இதனால் பலர் மாதக்கணக்கில் ஹெட்போனோடு திரிந்துவிட்டு, "எனக்கு மொழி வராது" என்று முடிவுகட்டி நிறுத்திவிடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை, கிடைத்த அறிவுரையில்தான். அதனால் இந்தக் கருத்தை அடியிலிருந்து பார்த்துவிடுவது நல்லது.

காதில் விழுவதும் உள்ளே போவதும்

பழக்கமில்லாத ஓர் ஊரில் பத்து நாள் ஒருவர் உங்களை வண்டியில் ஏற்றிப் போகிறார். தினமும் அதே வழி. பதினோராவது நாள் நீங்களே ஓட்ட வேண்டும் என்றால் இரண்டாவது திருப்பத்திலேயே தடுமாறுவீர்கள். வழி முழுக்கக் கண்முன்னால்தான் ஓடியது. ஆனாலும் எங்கே திரும்புகிறோம் என்று பார்க்க வேண்டிய தேவையே உங்களுக்கு வரவில்லை.

மொழியிலும் இதே கதைதான். கற்பவரின் காதையும் கண்ணையும் வந்தடையும் மொழி முழுவதையும் ஆய்வாளர்கள் 'இன்புட்' என்கிறார்கள், தமிழில் உள்ளீடு. அதில் உண்மையாகவே மனத்துக்குள் போய்ச் சேரும் பகுதி உள்வாங்கல். இரண்டும் ஒன்றல்ல என்று 1967-இல் எழுதியவர் பிரிட்டிஷ் மொழியியலாளர் பிட் கார்டர். கற்பவர் முன்னால் எதை வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. எது உள்ளே போகும் என்பதை அவருடைய மனம்தான் தீர்மானிக்கிறது என்பது அவருடைய வாதம்.

தெரியாத மொழி ஏன் உள்ளே போவதில்லை? எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, பேச்சில் இல்லை. தெரிந்த மொழியைக் கேட்கும்போது சொல் எங்கே முடிகிறது என்று நமக்குக் 'கேட்பது', அந்தச் சொற்களை முன்பே அறிந்திருப்பதால்தான். அறியாத மொழியில் ஒரே நீளமான ஒலி ஓடுகிறது. எதைப் பிடித்து எதோடு சேர்ப்பது என்று மனத்துக்குத் தெரியாததால் கொஞ்ச நேரத்தில் அதை மின்விசிறிச் சத்தம்போல் ஒதுக்கிவிடுகிறது.

குழந்தைகூட இதற்கு விலக்கல்ல. பட்ரீஷியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மாண்டரின் மொழி பேசுபவர்கள் 12 அமர்வுகள் நேரில் விளையாடிப் பேசினார்கள். மாண்டரினுக்கே உரிய ஒலி வேறுபாட்டை அந்தக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களின் அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளும் ஒலியை மட்டும் கேட்ட குழந்தைகளும் அதைக் கற்கவில்லை. எதிரில் ஓர் ஆள், கையில் ஒரு பொம்மை, அதைப் பற்றிய பேச்சு: குழந்தைக்குக் கிடைப்பது இதுதான். பின்னணியில் ஓடும் ஒலி வேறு வகை.

இதுவரை பார்த்ததன் சாரம்: காதில் விழுவது உள்ளீடு, மனத்தில் சேர்வது உள்வாங்கல். முன்னதைக் கூட்டினால் பின்னது தானாகக் கூடிவிடாது.

'புரியும் உள்ளீடு' என்பது என்ன

இந்தக் கருத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன். 1982-இல் வந்த தன் நூலில் அவர் சொன்னதை எளிமையாக்கினால் இப்படி வரும்: ஒரு செய்தி புரியும்போது மொழி வளர்கிறது, அந்தச் செய்தியில் இப்போதைய நிலைக்கு ஒரு படி மேலே உள்ள மொழி கொஞ்சம் கலந்திருக்க வேண்டும். தெரியாத அந்தக் கொஞ்சத்தை, சுற்றியுள்ள தெரிந்த சொற்களும், படமும், சைகையும், உலக அறிவும் புரியவைத்துவிடும். இப்படிப்பட்ட மொழிக்குத்தான் புரியும் உள்ளீடு என்று பெயர்.

மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படி காலுக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் ஏறிவிடலாம். ஆறு படியை எடுத்துவிட்டு ஏழாவதை மட்டும் காட்டினால் எவ்வளவு நேரம் நின்றாலும் ஏற முடியாது. ஆரம்ப நிலையில் இருப்பவர் செய்தி அலைவரிசையைக் கேட்பது அந்த ஏழாவது படிக்கு முன்னால் நிற்பதுதான்.

கிராஷன் இன்னும் இரண்டு கூற்றுகளை முன்வைத்தார். தெரிந்து படிக்கும் இலக்கணம், சொல்லப்போவதைச் சரிபார்க்க மட்டுமே உதவும். பேச்சு என்பது கற்றதன் விளைவு, கற்பதற்கான வழி அல்ல. இந்த இரண்டும்தான் பின்னால் வந்த ஆய்வுகளில் கடுமையாக அடிபட்டன. 'ஒரு படி மேலே' என்பதை அளக்க வழி இல்லை என்ற குறையும் அவர்மேல் உண்டு. அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது சொற்களை எண்ணும் ஆய்வு.

எத்தனை சொல் தெரிந்தால் புரியும்

கீழே உள்ள பத்தியில் 20 சொற்கள். அதில் ஒன்று இட்டுக்கட்டிய சொல்.

"வெயிலில் நடந்து வந்த அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். தோம்பியைத் திறந்தாள். உள்ளிருந்து குளிர் காற்று முகத்தில் அடித்தது. தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுக் கதவை மூடினாள்."

தோம்பி என்றால் குளிர்சாதனப் பெட்டி. யாரும் சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை. இப்போது அதே பத்தியில் இன்னும் மூன்று சொற்களை மாற்றுவோம்.

"வெயிலில் நடந்து வந்த அவள் நேராகக் கெழுவத்துக்குப் போனாள். தோம்பியைத் திறந்தாள். உள்ளிருந்து நுரண் காற்று முகத்தில் அடித்தது. மிடுவப் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுக் கதவை மூடினாள்."

தோம்பி ஓர் அலமாரியாக இருக்கலாம், அறையாக இருக்கலாம், நிலவறையாகவும் இருக்கலாம். நுரண் காற்று சூடா, குளிரா, நாற்றமா? இத்தனைக்கும் 20 சொற்களில் 16 தெரியும். இலக்கணம் முழுவதும் தெரியும். ஒரு சொல்லுக்கு விளக்கம் தர வேண்டிய பக்கத்துச் சொற்களே இருட்டில் இருப்பதால் ஊகம் எதுவும் உறுதிப்படவில்லை.

ஒரு பகுதியில் உள்ள சொற்களில் வாசகருக்குத் தெரிந்தவை எத்தனை விழுக்காடு என்பதற்கு சொல் எட்டம் என்று வைத்துக்கொள்வோம். மேலே முதல் பத்தியின் எட்டம் 95, இரண்டாவதன் எட்டம் 80. மார்செல்லா ஹு, பால் நேஷன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதே உத்தியைத்தான் கையாண்டது: ஓர் ஆங்கிலக் கதையில் சொற்களை எடுத்துவிட்டுப் பொய்ச்சொற்களை வைத்தார்கள். எட்டம் 80 இருந்தபோது யாருக்கும் கதை போதிய அளவு புரியவில்லை. 95-இல் சிலருக்குப் புரிந்தது, பெரும்பாலோருக்கு இல்லை. துணையின்றி இன்பமாக வாசிக்க 98 வேண்டும் என்று கணக்கிட்டார்கள்; அதாவது 50 சொல்லுக்கு ஒன்று மட்டும் புதிது.

இந்த 98-ஐ எட்ட ஆங்கில நாவலுக்கும் செய்தித்தாளுக்கும் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை, பேச்சுக்கு 6,000 முதல் 7,000 தேவை என்று நேஷன் 2006-இல் கணித்தார். சொற்குடும்பம் என்பது ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது. ஆயிரம் சொல் தெரிந்தவருக்குத் திரைப்படம் ஏன் எரிச்சலூட்டுகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

இதை நீங்களே அளக்கலாம். வாசிக்க நினைக்கும் நூலின் நடுப்பக்கத்தில் தொடர்ச்சியாக 100 சொற்களை எண்ணி, பொருள் தெரியாதவற்றின்மேல் புள்ளி வையுங்கள். முதல் பக்கம் வேண்டாம், அங்கே பெயர்களும் அறிமுகமும் கூடுதலாக இருக்கும். புள்ளி இரண்டுக்குள் என்றால் அகராதியை மூடிவிட்டு வாசிக்கலாம். ஐந்து வரை என்றால் ஆசிரியரோ அகராதியோ பக்கத்தில் இருக்கட்டும். பத்தைத் தாண்டினால் அது பாடமாகப் படிக்க வேண்டிய பகுதி. 'வாசிப்பு' என்ற பெயரில் அதை எடுத்தால் மூன்றாவது பக்கத்தில் நிற்பீர்கள். நிலைவாரியாகச் சொற்களைக் கட்டுப்படுத்தி எழுதப்படும் படிநிலை வாசிப்பு நூல்கள் இதற்காகவே உள்ளன. பெரியவர்கள் பலர் அவற்றைச் சிறுபிள்ளைப் புத்தகம் என்று தள்ளுகிறார்கள். அது பெரிய இழப்பு.

நிலைக்கு ஏற்ற உள்ளீடு ஏராளமாகக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு பிஜித் தீவுகளின் கிராமப் பள்ளிகள் சான்று. ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழி. வழக்கமான பயிற்சிகளுக்குப் பதிலாக, ஆர்வம் ஊட்டும் 250 படக்கதை நூல்களை வகுப்புகளில் வைத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர் வாசித்துக் கலந்துரையாடினார், சிலவற்றில் பிள்ளைகள் தாமே வாசித்தார்கள். எட்டு மாதத்தில் வாசிப்பிலும் கேட்டுப் புரிதலிலும் வழக்கமான வேகத்தைவிட இரு மடங்கு முன்னேறினார்கள் என்று வார்விக் எல்லியும் ஃபிரான்சிஸ் மங்குபாயும் 1983-இல் எழுதினார்கள்.

புரிந்தும் ஏன் ஒட்டுவதில்லை

இத்தோடு கதை முடிந்திருந்தால் கிராஷன் சொன்னதே போதும் என்று விட்டுவிடலாம். முடியவில்லை. கனடாவில் 1965-இல் தொடங்கிய பிரெஞ்சு மூழ்கல் வகுப்புகள் இதைக் காட்டிக்கொடுத்தன. மூழ்கல் என்றால் கணக்கு, அறிவியல் உள்ளிட்ட பாடங்களையே அந்நிய மொழியில் நடத்துவது. ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் புரியும் பிரெஞ்சில் வாழ்ந்தார்கள். கேட்பதிலும் வாசிப்பதிலும் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளை ஏறக்குறைய எட்டிப்பிடித்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் பால் வேறுபாடு, வினை வடிவம் போன்றவை தவறாகவே நின்றுவிட்டன. 1985-இல் இதைப் பற்றி எழுதிய மெரில் ஸ்வெயின் கேட்டது நேரான கேள்வி: உள்ளீடு போதும் என்றால் இவர்களுக்கு ஏன் போதவில்லை?

காரணத்தைத் தமிழை வைத்தே பார்க்கலாம். தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டவர் "நேற்று அவள் வந்தாள்" என்று கேட்கிறார். 'நேற்று' என்பதிலிருந்து இறந்தகாலம் தெரிந்துவிட்டது. 'அவள்' என்பதிலிருந்து பெண் என்று தெரிந்துவிட்டது. 'வந்தாள்' என்பதில் உள்ள இறந்தகாலக் குறியும் 'ஆள்' என்ற விகுதியும் அவருக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. செய்தியைப் பிடிக்க 'வா' என்ற வேர் போதும். மனம் மீதியைக் கடந்துபோகிறது. இப்படி ஆயிரம் முறை புரிந்துகொண்ட பிறகும் அவர் "அவள் வந்தான்" என்பார். ஆங்கிலம் கற்பவர் 'ஷி கோஸ்' என்று ஆயிரம் முறை கேட்டுவிட்டு 'ஷி கோ' என்பதும், ஜெர்மன் கற்பவருக்கு 'டெர், டீ, டாஸ்' என்ற பால் காட்டும் சொற்கள் மூன்றும் குழம்பிக் கிடப்பதும் இதே காரணத்தால்தான். மனம் முதலில் பொருளைத் தேடுகிறது. பொருளுக்குத் தேவைப்படாத வடிவம் காதில் விழுந்தும் விழாததுபோல் போய்விடுகிறது.

ஆகவே இன்னொன்றும் தேவை: கவனிப்பு. உள்ளீட்டில் உள்ள ஒரு வடிவத்தை 'இது இப்படி இருக்கிறதே' என்று உணர்ந்து பார்ப்பது. ரிச்சர்ட் ஷ்மிட் பிரேசிலில் போர்ச்சுகீசு கற்றபோது நாட்குறிப்பு எழுதினார், உரையாடல்களையும் பதிவுசெய்தார். பின்னர் ஒப்பிட்டபோது, தன்னைச் சுற்றி நெடுநாள் ஒலித்த வடிவங்களும்கூட, தான் அவற்றைக் கவனித்த பிறகே தன் பேச்சில் வந்திருப்பதைக் கண்டார். 1990-இல் அதைக் கருதுகோளாக முன்வைத்தார்.

கவனிப்பை எது தூண்டும்? ஸ்வெயின் தந்த விடை: பேச முயல்வது. கேட்கும்போது ஓட்டைகள் தெரிவதில்லை, ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் "இங்கே என்ன விகுதி?" என்ற கேள்வி எழுகிறது. அடுத்த முறை அதே வடிவத்தைக் கேட்கும்போது காது நிமிர்கிறது. வழி ஓட்டுநருக்குத் தெரிவதும் பயணிக்குத் தெரியாததும் இதனால்தான்.

சுருக்கமாக: புரிதல் சொற்களையும் பொருளையும் கொண்டுவருகிறது. வடிவம் வந்துசேரக் கவனிப்பு வேண்டும். கவனிப்பைப் பேச்சும் எழுத்தும் தூண்டுகின்றன.

வகுப்பில் இது எப்படி நடக்கும்

கவனிப்பை வலிந்து வரவைக்கும் ஒரு பயிற்சியைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒருவரே ஒலிப்பதிவை வைத்தும் செய்யலாம். 60 முதல் 80 சொற்கள் கொண்ட பகுதியை எடுங்கள். புதுச் சொல் இரண்டு மூன்று இருந்தால் முன்பே பொருள் சொல்லிவிடுங்கள். முதல் முறை இயல்பான வேகத்தில் வாசிக்க, மாணவர்கள் பேனாவைத் தொடாமல் கேட்கட்டும். இரண்டாம் முறை முக்கியச் சொற்களை மட்டும் குறிக்கட்டும். பிறகு இருவர் இருவராகச் சேர்ந்து பகுதியை முழு வாக்கியங்களில் மீண்டும் கட்டட்டும். கடைசியில் மூலத்தைக் கொடுத்து, தங்கள் வடிவத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களில் கோடிடட்டும்.

பயன் முழுவதும் அந்தக் கடைசிக் கட்டத்தில். விகுதியும் வேற்றுமை உருபும் முதல்முறையாகக் கண்ணில் படுவது அங்கேதான். நேரமில்லை என்று அதை விட்டுவிட்டால் மீதி வெறும் நினைவாற்றல் பயிற்சி. இன்னொரு பிழை, ஆசிரியர் இரக்கப்பட்டு மெதுவாக, சொல் சொல்லாக வாசிப்பது. அப்போது மாணவர் எல்லாவற்றையும் எழுதிவிடுவார். மீண்டும் கட்ட ஒன்றும் இருக்காது.

பிழை திருத்துவதிலும் இதே கேள்வி வருகிறது. மாணவர் தவறாகச் சொன்னதை ஆசிரியர் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு உரையாடலைத் தொடர்வதற்கு மறுவார்ப்பு என்று பெயர். "அவள் வந்தான்." "ஓ, அவள் வந்தாளா? எப்போது?" கனடிய மூழ்கல் வகுப்புகளைப் பதிவுசெய்த ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் 1997-இல் தந்த கணக்கின்படி, ஆசிரியர்கள் தந்த திருத்தங்களில் 55 விழுக்காடு இந்த வகை. அவற்றில் 31 விழுக்காட்டுக்கு மட்டுமே மாணவரிடமிருந்து ஏதாவது எதிர்வினை வந்தது. மற்ற நேரங்களில் ஆசிரியர் ஆமோதிக்கிறார் என்று மாணவர் எடுத்துக்கொண்டிருக்கலாம், பொருள் சரிதானே. "அவள் வந்...?" என்று நிறுத்திக் காத்திருந்தால் மாணவரே தேட வேண்டியிருக்கும். கூச்ச சுபாவம் உள்ள தொடக்கநிலை மாணவருக்கு மறுவார்ப்பே நல்லது. வடிவம் ஏற்கெனவே தெரிந்தும் நழுவவிடுபவருக்கு நிறுத்திக் காத்திருப்பது நல்லது.

வசனவரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய்மொழி வசனவரியோடு படம் பார்த்தால் கண் தாய்மொழியை வாசிக்கிறது, காது ஓய்வெடுக்கிறது. கற்கும் மொழியிலேயே வசனவரி வைத்தால் ஓடும் ஒலியில் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிகிறது. சொல் எட்டம் போதாத படத்தை அதுவும் காப்பாற்றாது.

சொற்களை நிறுத்திவைப்பது

சொல் எட்டம் 95-இலிருந்து 98-க்குப் போக ஆயிரக்கணக்கான சொற்கள் வேண்டும். தற்செயலாக வாசிப்பில் சந்திப்பதை மட்டும் நம்பினால் அரிய சொற்கள் மறுபடி வருவதற்குள் மறந்துவிடும். இங்கே சொல்லட்டைக்கு இடம் உண்டு, ஆனால் அதையும் தவறாகவே பலர் கையாளுகிறார்கள். சொல்லையும் பொருளையும் சேர்த்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பது படிப்பதுபோல் தோன்றும். ஜெஃப்ரி கார்பிக்கும் ஹென்றி ரோடிகரும் 2008-இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்கள் 40 சுவாஹிலிச் சொற்களைக் கற்றார்கள். ஒருமுறை நினைவுகூர்ந்த பிறகும் தங்களைத் தொடர்ந்து சோதித்தவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறக்குறைய 80 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். சோதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்தவர்கள் 36 விழுக்காட்டை. பொருளை மறைத்துவிட்டு நினைவிலிருந்து இழுப்பதுதான் வேலை செய்கிறது. இன்று, நாளை, நான்கு நாள், பத்து நாள் என்று இடைவெளி விட்டு இழுங்கள்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது

நேஷன் நான்கு சம பங்காகப் பிரிக்கச் சொல்கிறார்: புரிந்து கேட்பதும் வாசிப்பதும் ஒரு பங்கு, செய்தி சொல்வதற்காகப் பேசுவதும் எழுதுவதும் ஒரு பங்கு, சொல்லையும் இலக்கணத்தையும் தனியாகப் படிப்பது ஒரு பங்கு, புதிதாக எதுவும் இல்லாத, முழுக்கத் தெரிந்த பகுதியை வேகமாகச் செய்து சரளம் பெறுவது ஒரு பங்கு. வாரம் ஆறு மணி நேரம் கிடைக்குமென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். நான்காவதைத்தான் ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், "இதுதான் தெரியுமே" என்று. தெரிந்ததை யோசிக்காமல் சொல்ல வருவதற்கே அந்தப் பங்கு.

மொத்தம் எவ்வளவு காலம்? அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தன் அலுவலர்கள் பணிக்குப் போதிய தேர்ச்சி பெற ஸ்பானிய மொழிக்கு 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், தமிழுக்கு 1,100 மணி நேரமும், ஜப்பானிய மொழிக்கு 2,200 மணி நேரமும் என்று நெடுங்காலம் கணக்கு வைத்திருந்தது. இது ஆங்கிலத்திலிருந்து அளந்த தூரம். வினையை வாக்கியத்தின் கடைசியில் வைத்தே பழகிய தமிழருக்கு ஜப்பானிய வாக்கிய அமைப்பு அவ்வளவு அந்நியமாக இருக்காது. எழுத்து மட்டும் அவருக்கும் மலைதான். எப்படிப் பார்த்தாலும் 'முப்பது நாளில்' என்ற வாக்குறுதிக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

ஒரு முறை பலன் தருகிறது என்று எப்படித் தெரியும்

"இந்த முறையில் படித்தேன், வந்துவிட்டது" என்பது சான்றாகாது. வேறு முறையிலும் வந்திருக்கலாம். ஆய்வாளர்கள் மூன்றைக் கேட்பார்கள். தொடங்குமுன் எவ்வளவு தெரியும் என்ற முன்தேர்வு. அதே நேரத்தை வேறு வழியில் செலவழித்த ஒப்பீட்டுக் குழு. முடித்துச் சில வாரம் கழித்து எடுக்கும் தாமதத் தேர்வு. மூன்றாவது இல்லாத ஆய்வைச் சந்தேகத்தோடு பாருங்கள். பாடம் முடிந்த அன்று எல்லா முறையும் நன்றாகவே தோன்றும். எந்த வகைத் தேர்வு என்பதும் முக்கியம். விதியைச் சொல்லித் தந்து, விதியைக் கேட்கும் வினாவில் மதிப்பெண் உயர்ந்தால், பேச்சில் அது வரும் என்று அர்த்தமில்லை. ஜான் நோரிஸும் லூர்தெஸ் ஒர்தேகாவும் 2000-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, வடிவத்தை வெளிப்படையாகச் சொல்லித் தருவது பலன் தருகிறது என்று காட்டினார்கள். தொகுத்த ஆய்வுகளின் தேர்வுகள் பெரும்பாலும் யோசித்து விடையளிக்கும் வகை என்ற எச்சரிக்கையையும் சேர்த்தார்கள்.

இதை ஒருவர் தனக்கே செய்துகொள்ளலாம். இன்று ஒரு படத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் அந்நிய மொழியில் விவரித்துப் பதிவுசெய்து, தேதி போட்டு வையுங்கள். எட்டு வாரம் கழித்து, பழைய பதிவைக் கேட்காமல், அதே படத்தை மீண்டும் விவரியுங்கள். இரண்டையும் எழுதிப் பார்த்து, சொன்ன சொற்களின் எண்ணிக்கை, இரண்டு நொடிக்கு மேல் நின்ற இடங்கள், ஒரே ஒரு இலக்கண வடிவத்தில் வந்த பிழைகள், இவை மூன்றை மட்டும் எண்ணுங்கள். சொல் கூடியும் தயக்கம் குறையவில்லை என்றால் நான்காவது பங்குக்கு நேரம் கூட்ட வேண்டும். தயக்கம் குறைந்தும் அந்தப் பிழை அப்படியே நின்றால், அடுத்த எட்டு வாரத்துக்கு மீண்டும் கட்டும் பயிற்சியில் அந்த வடிவம் நிறைந்த பகுதிகளாகத் தேர்ந்தெடுங்கள்.